பனிக்கட்டிக்கு அடியில் தங்கமீன்



பாசார் மாலாமுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்களுக்கு இது தெரியும். பிளாஸ்டிக் பையில் தங்கமீனைக் கண்டதும் பிள்ளையின் கால் அங்கேயே நின்றுவிடும். சில வெள்ளி கொடுத்து வாங்கி வந்து, கண்ணாடிக் குடுவையில் விட்டு, காலையும் மாலையும் ஆசையாகத் தீனி போடுவோம். ஒரு வாரத்தில் மீன் மல்லாந்து மிதக்கும். பிள்ளை அழும். "நமக்கு ராசியில்லை" என்று பெரியவர்கள் தேற்றுவார்கள்.

ராசி என்ன செய்யும்? இப்படிச் சாகும் மீன்களில் பல பசியால் சாவதில்லை. நம் ஆசையால் சாகின்றன. இது விளங்க வேண்டுமானால், தங்கமீனைக் குளிர்நாட்டார் எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

தங்கமீனின் தாயகம் சீனா. அங்கிருந்து அது ஜப்பானுக்குச் சென்றது. ஜப்பானில் நாரா மாநிலத்து யாமாத்தோகொரியாமா தங்கமீனுக்குப் பெயர்பெற்ற ஊர். 1724-இல் யானாகிசாவா குடும்பத்துப் பிரபு அவ்வூருக்கு மாறி வந்தபோது தங்கமீனும் உடன் வந்தது என்பார்கள். பின்னாளில், வருமானம் இழந்த சாமுராய் வீரர்களுக்கும் விவசாயிகளுக்கும் மீன் குளமே கைத்தொழிலாயிற்று.

அங்கே வசந்த காலத்தில் குஞ்சு பொரிக்கும். வட்ட உடலும் இரட்டை வாலும் கொண்ட ரியூக்கின், முதுகுத் துடுப்பே இல்லாத ரன்ச்சு போன்ற அலங்கார வகைகளில், வால் ஒற்றையாக வந்தவற்றையும் உடல் கோணலானவற்றையும் சிறுவயதிலேயே பிரித்துவிடுவார்கள். எஞ்சியவற்றைக் கோடை முழுவதும் நன்றாக ஊட்டி வளர்ப்பார்கள். வரப்போகும் குளிரைத் தாங்க உடம்பில் கொழுப்பு சேர வேண்டுமே!

குளிர் தொடங்கியதும் வளர்ப்பவர் கை சுருங்கிவிடும். நீரின் வெப்பம் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் தீனி குறையும். 10 டிகிரிக்குக் கீழே போனால் அடியோடு நிற்கும். மீன் குளிர் இரத்தப் பிராணி. நீர் குளிர்ந்தால் அதன் உடலும் குளிரும், செரிமானமும் மந்தமாகும். அப்போது தீனி போட்டால் தின்றது செரிக்காது. தின்னாதது அழுகி நீரைக் கெடுக்கும்.

குளம் மேலே உறைந்தாலும் மீன் எப்படிப் பிழைக்கிறது? நீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அந்த நீர் அடியில் தங்க, பனிக்கட்டி மேலே மிதக்கும். போதிய ஆழமுள்ள குளத்தில் மீன் அடியில் அசையாமல் கிடந்து நாளைக் கழிக்கும். உயிர்வளி அற்றுப்போனாலும் தங்கமீன் சிறிது காலம் தாங்கும். தசையில் சேரும் அமிலத்தை அது சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடுகிறது! இது எப்படி நடக்கிறது என்பதை ஓஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் விளக்கினார்கள்.

அங்கே வளர்ப்பவருக்கு உள்ள வேலை கொஞ்சம்தான். இலை விழாமல் வலை கட்டுவார். பனிக்கட்டியைச் சுத்தியலால் உடைக்கமாட்டார். அந்த அதிர்ச்சி மீனைத் தாக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தைப் பனிமேல் வைத்து ஓர் ஓட்டை உருக்குவார். கெட்ட வாயு வெளியேறும். மற்றபடி சும்மா இருப்பார். சும்மா இருப்பதே அங்கே பெரிய பராமரிப்பு.

நமக்குப் பனியில்லை, நம் சிக்கல் வெப்பம். 5 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 13 மில்லிகிராம் உயிர்வளியை ஏற்கும். 30 டிகிரி நீர் 8 மில்லிகிராமைக்கூட ஏற்காது. மீனுக்கோ வெப்பத்தில் கூடுதல் உயிர்வளி தேவை. ஆகவே குடுவையை விடுங்கள். வீட்டுக்கு வெளியே சிமெண்டுத் தொட்டி இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள்:

1. புதுத் தொட்டியில் வாழை மரத்துண்டு போட்டு ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்றிச் சுண்ணாம்புக் காரத்தைப் போக்குங்கள்.

2. பாதித் தொட்டிக்காவது நிழல் வேண்டும். மழைநீர் நிரம்பி வழிந்து மீன் வெளியே போகாதபடி, வழியும் துளைக்கு வலை கட்டுங்கள்.

3. 200 லிட்டர் நீருக்கு 4 குஞ்சுகள் போதும்.

4. தங்கமீனுக்கு இரைப்பை இல்லை, நீண்ட குடல்தான். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள்.

5. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுங்கள். குழாய்நீரைக் குளோரின் நீக்கும் மருந்து கலந்து ஊற்றுங்கள். சிங்கப்பூர்க் குழாய்நீரில் இருப்பது குளோரமைன். ஒருநாள் வைத்திருப்பதால் மட்டும் அது போகாது.

6. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று எண்ணாதீர்கள். இரவில் பாசியும் உயிர்வளியை இழுத்துக்கொள்ளும். அது மூச்சுத் திணறல். தீனியை நிறுத்தி, நீரை மாற்றுங்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. தங்கமீன் கொசுப் புழுக்களைத் தின்னும். டிங்கிக் காய்ச்சல் பரவும் நம் ஊர்களில் இது சிறிய உதவியன்று.

பள்ளி விடுமுறைக்கு நான்கைந்து நாள் வெளியூர் போகிறீர்களா? பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். நல்ல நிலையில் உள்ள மீன் அந்த நாள்களைத் தாங்கும். அவர்கள் அள்ளிப் போடுவதைத்தான் தாங்காது.

தீனி போடும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். கூடவே அளவுக்கு ஒரு சிறு கரண்டியும் கொடுங்கள். ஓர் உயிரை நேசிப்பது என்றால் அள்ளிக் கொடுப்பது மட்டுமன்று, கையை நிறுத்தத் தெரிவதும்தான் என்பதைப் பிள்ளை அந்தக் கரண்டியில் கற்றுக்கொள்ளட்டும்.