காரை நிறுத்தின பிறகும் ரேடியேட்டர் ஃபேன் ஓடுதா? ஃபியூஸைப் பிடுங்கும் முன் இதைப் படிங்க!

திற்பரப்பு அருவியில் குளித்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பியாயிற்று. காரை வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியையும் எடுத்தாயிற்று. ஆனால், பானெட்டுக்குள் ‘உர்ர்ர்’ என்று ஃபேன் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை. “அண்ணாச்சி, வண்டிய ஆஃப் பண்ணியாச்சு, ஃபேன் நிக்க மாட்டேங்கு” என்று மெக்கானிக்குக் போன் போட்டால், பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: “ஒண்ணுமில்ல, ஃபியூஸ உருவி வைங்க. காலைல பாத்துக்கிடலாம்.”

அந்த ராத்திரிக்கு அது நல்ல யோசனைதான். சின்ன கார்களின் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-அவர் அளவில் இருக்கும். ஃபேன் ஓடினால் சுமார் 10 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு, மூன்று மணி நேரம் விட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஆனால், உருவிய ஃபியூஸை மறந்துவிட்டு, அல்லது ‘அதான் சரியாயிடுச்சே’ என்று நினைத்து மறுநாள் வண்டியை எடுப்பதுதான் ஆபத்து.

ஏன் ஆபத்து? நாகர்கோவிலில் இருந்து ஆரல்வாய்மொழி பக்கம் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒன்றுமே தெரியாது. எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். அதே கார் மார்த்தாண்டம் நெரிசலில் கால் மணி நேரம் ஊர்ந்தால் காற்றும் இல்லை, ஃபேனும் இல்லை. இன்ஜின் கொதிக்கும். பல சின்ன கார்களில் வெப்பநிலை காட்டும் முள்ளே கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும்தான். அதைக் கவனிக்காமல் தொடர்ந்து ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும். சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். சில நூறு ரூபாய் ரிலேயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

எது சாதாரணம்?

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மலை ஏறி வந்த சூட்டில் நிறுத்தினால், பல கார்களில் ஃபேன் சில நிமிடங்கள் ஓடிவிட்டுத் தானாக நிற்கும். அது கோளாறு இல்லை. ஏ.சி. போட்டிருக்கும்போது ஃபேன் ஓடுவதும் இயல்புதான். ஏ.சி.யின் கண்டென்ஸரும் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது. அதற்கும் காற்று வேண்டும். மழைக்காலத்தில் முன் கண்ணாடியில் படரும் ஆவியைப் போக்க டிஃபாகரைப் போட்டால், பல கார்களில் ஏ.சி.யும் தானாகச் சேர்ந்து ஓடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் பலரும் இதைத்தான் கோளாறு என்று நினைக்கிறார்கள். ஏ.சி., டிஃபாகர் இரண்டையும் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

பத்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை, அல்லது காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போதே ஃபேன் ஓட ஆரம்பிக்கிறது என்றால், தேட வேண்டியதுதான்.

எப்போது ஓடுகிறது?

அம்பாசடர் காலத்தில் ஃபேனை இன்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றியது. இன்ஜின் நின்றால் அதுவும் நின்றது. இன்றைய கார்களில் ஃபேனுக்குத் தனி மோட்டார். கூலன்ட் எவ்வளவு சூடு என்று சென்சார் சொல்லும். சுமார் 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் ஆனதும் இன்ஜின் கம்ப்யூட்டர் ரிலேவுக்கு உத்தரவு கொடுக்கும். ரிலே மின்சாரத்தைத் திறந்துவிடும். ஃபேன் ஓடும்.

சாவியை எடுத்த பிறகும் மணிக்கணக்கில் ஓடினால் முதல் சந்தேகம் ரிலே மேல். சாவியைப் போட்டதும் ஓடி, எடுத்ததும் நின்றால் சந்தேகம் சென்சார் மேல். இந்த ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னாலே மெக்கானிக்கின் வேலை பாதி குறையும்.

முதலில் கூலன்ட்

ரிலே, சென்சார் என்று போகும் முன், நிஜமாகவே இன்ஜின் சூடாகிறதா என்று பார்க்க வேண்டும். காலையில், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, கூலன்ட் தொட்டியில் அளவு ‘மின்’ கோட்டுக்கும் ‘மேக்ஸ்’ கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

கூலன்ட் குறைந்திருந்தாலோ, தெர்மோஸ்டாட் வால்வு திறக்காமல் மாட்டிக்கொண்டாலோ, ரேடியேட்டர் அடைத்திருந்தாலோ ஃபேன் நிற்காமல் ஓடும். அது தன் வேலையைத்தான் செய்கிறது. கடலோரத்துக் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படிந்து அடைக்கும். கூலன்ட் கிடைக்காத அவசரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் போதும்.

ரிலே சோதனை

பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உள்பக்கத்தில் எது எந்த ரிலே என்று படம் போட்டிருக்கும். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபேன் ரிலேயை உருவுங்கள். நின்றுவிட்டதா? இப்போது அதே எண் உள்ள இன்னொரு ரிலேயை, பல கார்களில் ஹாரன் ரிலேயை, அந்த இடத்தில் செருகுங்கள். ஃபேன் ஓடாமல் இருந்தால் பழைய ரிலேதான் குற்றவாளி. உள்ளே இருக்கும் தொடர்புகள் சூட்டில் உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். மாற்று ரிலேயிலும் ஓடினால், எங்கிருந்தோ உத்தரவு வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரிலேயை உருவியும் நிற்கவில்லை என்றால் வயரிங்கில் ஷார்ட் இருக்கலாம். சில கார்களில் ஃபேனுக்கு இரண்டு ரிலேக்கள் உண்டு. சிலவற்றில் ரிலேக்குப் பதில் தனி கன்ட்ரோல் யூனிட் இருக்கும். அங்கே ஒர்க்‌ஷாப்தான் வழி.

கை வைக்கும்போது துப்பட்டா, சேலை முந்தானை, வேட்டி நுனி எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. நின்றிருக்கும் ஃபேன் எந்த நொடியிலும் சுற்றலாம்.

சென்சாரில் ஏமாறும் இடம்

கார்புரேட்டர் காலத்து கார்களில் இருந்தது சாதாரண தெர்மோ ஸ்விட்ச். சூடானால் ஒட்டும், ஆறினால் விலகும். அதன் வயரைக் கழற்றினால் ஃபேன் நின்றுவிடும். நின்றால் ஸ்விட்ச் கெட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இன்றைய கார்களில் இது தலைகீழ். சென்சார் வயரைக் கழற்றினால் கம்ப்யூட்டருக்கு வெப்பநிலை தெரியாமல் போகும். ‘தெரியவில்லை என்றால் சூடாக இருக்கலாம்’ என்று எடுத்துக்கொண்டு, பல கார்களில் ஃபேனை ஓடவிட்டுவிடும். இன்ஜினைக் காப்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். பழைய பழக்கத்தில், “கழட்டியும் நிக்கல, அப்போ சென்சார் நல்லாருக்கு, கம்ப்யூட்டர்தான் போச்சு” என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்காதீர்கள். ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பி0115 முதல் பி0118 வரை ஏதாவது ஒரு கோடு வந்தால் சென்சாரோ அதன் வயரோதான் பிரச்னை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பநிலையை ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் வயர் அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் பிடிக்கவில்லை.

மல்டிமீட்டரிலும் பார்க்கலாம். பெரும்பாலான சென்சார்கள் 20 டிகிரியில் சுமார் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் காட்டும். சூடு ஏற ஏறக் குறைய வேண்டும்.

ஏ.சி. குழாயில் இருக்கும் பிரஷர் சென்சார் கெட்டாலும் சில கார்களில் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்கேனர் அதையும் காட்டிக்கொடுக்கும்.

உப்புக்காற்று செய்யும் வேலை

குளச்சல், முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி என்று கடலோரத்தில் நிற்கும் கார்களில் புது சென்சார் வாங்கும் முன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பின்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் உப்புக்காற்றில் அரித்திருக்கிறது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து மாட்டினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். ரிலே கால்களையும் அப்படியே பாருங்கள்.

அந்த ராத்திரி என்ன செய்ய?

ஃபியூஸையோ ரிலேயையோ உருவலாம். உருவியதைச் சாவிக்கொத்தோடு ஒரு கவரில் போட்டுக் கட்டிவையுங்கள். காலையில் சாவியை எடுக்கும் யாரும், அது வீட்டில் வேறு ஒருவராக இருந்தாலும், அதைப் பார்க்காமல் வண்டியை எடுக்க முடியாது. மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சிவப்பு விளக்கு எரியாமல், கூலன்ட் அளவும் சரியாக இருந்தால், ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தாலும் ஒர்க்‌ஷாப் வரை தாராளமாக ஓட்டிப் போகலாம். ஃபேன் ஓடாத காரைத்தான் ஓட்டக் கூடாது.