மெய்யியலுக்கு ஒரு நேரசூசி



ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறிய எங்களில் சிலர் கூடி ஒரு முடிவெடுத்திருக்கிறோம். அடுத்த இரண்டு வருடங்களுக்கு மெய்யியல் படிக்கப் போகிறோம். எங்கேயும் பதியவில்லை. விரிவுரையாளர் இல்லை, பரீட்சை இல்லை, முடிவில் சான்றிதழும் இல்லை. புத்தகம், கொப்பி, நேரசூசி, மாதம் ஒரு சந்திப்பு. அவ்வளவுதான்.

இதைச் சொன்ன நாளிலிருந்து மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. "இதால சம்பளம் கூடுமா சேர்?" "அதுகளப் படிச்சா ஈமானுக்கு ஆபத்தில்லையா?" "நேரம் எங்க இருக்கு?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துவிட்டோம். ஆகவே ஒரேயடியாக இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் சம்பளம். கூடாது. ஒரு சதமும் கூடாது. வினைத்திறன் தடைப் பரீட்சைக்கும், கல்விமாணிக்கும், டிப்ளோமாவுக்கும் படிப்பவர்களை நாம் குறை சொல்லவில்லை. 2022க்குப் பிறகு ஓர் ஆசிரியர் வீட்டில் மாதக் கடைசி எப்படியிருக்கும் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் புள்ளித் திட்டம் முடியும் இடத்தில் வாசிப்பும் முடிந்துவிட வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

கலாசாலையில் கல்வித் தத்துவம் என்று ஒரு பாடம் இருந்தது. ரூசோ என்றால் இயற்கைவாதம். புரோபல் என்றால் கிண்டர்கார்டன். ஜோன் டூயி என்றால் செய்து கற்றல். ஆளுக்கு ஐந்து குறிப்பு, பரீட்சைக்கு அது போதும். ரூசோ எழுதிய 'எமில்' என்ற புத்தகம் 1762இல் வெளிவந்த அதே வருடத்திலேயே பாரிஸிலும் ஜெனீவாவிலும் எரிக்கப்பட்டது என்பது அந்தக் குறிப்பில் இல்லை. பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும் என்று உலகத்துக்கே எழுதிய அந்த மனிதர் தன் ஐந்து பிள்ளைகளையும் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் ஒப்படைத்தவர் என்பதும் இல்லை. அப்படியான ஒருவர் சொன்ன கருத்தை நாம் ஏற்கலாமா? சொன்னவரின் வாழ்க்கை வேறு, கருத்தின் உண்மை வேறு என்று பிரிக்க முடியுமா? ஒரு ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஐந்து குறிப்பில் இது வராது. புத்தகத்தைக் கையில் எடுத்தால்தான் வரும்.

"சரி, கேட்டு என்ன பிரயோசனம்?" என்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போவோம்.

2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி ஞாபகம் இருக்கிறதா? கொவிட் ஜனாஸாக்களை எரித்தே ஆக வேண்டும் என்றார்கள். 2021 பெப்ரவரி வரை எரித்தார்கள். பிறந்து 20 நாளேயான குழந்தையையும் எரித்தார்கள். அதற்குச் சொல்லப்பட்ட நியாயம் என்ன? புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கக்கூடும், கலக்காது என்று யாரும் நிரூபிக்கவில்லை, ஆகவே எரிக்க வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் புதைக்கலாம் என்று சொல்லியிருந்தும் இந்த வாதம் பத்து மாதங்களுக்கு மேல் நின்றது.

நாம் அழுதோம், நோன்பு பிடித்தோம், துஆ கேட்டோம். பொரளை கனத்தை வேலியில் வெள்ளைத் துணி கட்டினோம். மாற்று மத சகோதரர்களும் வந்து கட்டினார்கள். அவையெல்லாம் தேவைதான். ஆனால் அந்த வாதத்தைக் கூறுபோட்டு, இதில் எது எடுகூற்று, எது முடிவு, ஆதாரம் இல்லாமையையே ஆதாரமாக்கும் போலி எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது, நிரூபிக்கும் பொறுப்பு ஏன் உத்தரவு போட்டவரிடம் இருக்கிறது என்று எத்தனை பேரால் ஒரு பக்கம் எழுத முடிந்தது? எழுதிய சிலர் இருந்தார்கள், அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்கட்டும். ஒரு சமூகத்துக்கு அந்தச் சிலர் போதுமா? ஊருக்கு ஊர் பாடசாலை இருக்கிறது, பாடசாலைக்குப் பாடசாலை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை எழுதத் தெரிந்த பிள்ளைகள் ஏன் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் வரவில்லை?

இது மற்றவர்களுக்கு எதிராகத் தூக்கும் வாள் மட்டுமல்ல. அதே நாட்களில் எங்கள் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய குரல் பதிவுகளையும் நினைத்துப் பாருங்கள். "கொரோனாவே பொய்" என்றார்கள். "சொன்னவன் இன்னாருடைய ஆள், ஆகவே அவன் சொல்வது பொய்" என்றார்கள். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு "எங்கட பிள்ளைகள் இதுக்கெல்லாம் எப்படித் தலையாட்டினாங்க?" என்று தலையில் கைவைத்துக் கேட்டதும் நாம்தான். உரத்த குரலில் சொன்னால் உண்மை, கண்ணீரோடு சொன்னால் உண்மை என்று பழகிய காதுக்கு எதுவும் போகும். ஒரு வாதத்தை நிறுத்தி வைத்து "இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கப் பழக்குவதுதான் அளவையியல். உயர்தரத்தில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்று ஒரு பாடமே இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பலர் அதை "லேசா எடுக்கலாம்" என்பதற்காகத் தெரிவு செய்கிறார்கள். ஆயுதத்தைக் கையில் வாங்கி விறகடுப்பில் வைத்த கதை.

இனி ஈமான். இதைச் சொல்பவர்களின் அக்கறையை நாம் மதிக்கிறோம். ஆனால் அக்கறை ஆதாரமாகிவிடாது.

பெரும்பாலும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயரைத்தான் முன்வைக்கிறார்கள். "இமாமே தத்துவஞானிகளை மறுத்து 'தஹாபுத்' எழுதினாங்களே!" எழுதினார்கள். 20 விடயங்களில் மறுத்தார்கள், அதில் மூன்றில் கடுமையான தீர்ப்பும் கொடுத்தார்கள். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு முன் என்ன செய்தார்கள்? தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிய 'அல்முன்கித் மினள் ழலால்' என்ற சிறிய நூலில் அவர்களே சொல்கிறார்கள். பக்தாதில் 300 மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. பாடத்துக்கும் எழுத்துக்கும் இடையே கிடைத்த ஓய்வு நேரத்தில், எந்த ஆசிரியரின் உதவியும் இல்லாமல், தாமாகவே தத்துவ நூல்களை வாசித்தார்கள். இரண்டு வருடத்துக்குள் விளங்கிக்கொண்டார்கள். பிறகு ஏறத்தாழ ஒரு வருடம் வாசித்ததைத் திரும்பத் திரும்ப யோசித்தார்கள். தத்துவஞானிகள் என்ன சொல்கிறார்கள் என்பதை மட்டும் விளக்கி 'மகாஸிதுல் பலாஸிபா' என்று ஒரு தனி நூலே எழுதினார்கள். மறுப்பு அதற்குப் பிறகுதான்.

கவனியுங்கள். அவர்கள் ஆசிரியர். சுயமாகப் படித்தார்கள். வேலைக்கு நடுவில் படித்தார்கள். மொத்தம் மூன்று வருடம். நாம் போட்டிருக்கும் திட்டத்துக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எங்கே இருக்கிறது? மறுப்பதற்கு முன் எதிராளியின் கருத்தை எதிராளியைவிட நன்றாகச் சொல்லத் தெரிய வேண்டும் என்பதை வாழ்ந்து காட்டியவரின் பெயரைச் சொல்லிக்கொண்டே "வாசிக்காதே" என்கிறார்கள்!

இன்னொன்றும் அதே நூலில் இருக்கிறது. கணிதத்தையும் தர்க்கத்தையும் மறுப்பதுதான் மார்க்கத்துக்குச் செய்யும் உதவி என்று நினைக்கும் அறிவில்லாத நண்பனால் இஸ்லாத்துக்குக் கேடு வருகிறது என்று இமாம் எச்சரிக்கிறார்கள். உஸூலுல் பிக்ஹில் அவர்கள் எழுதிய 'அல்முஸ்தஸ்பா' தர்க்கத்தைப் பற்றிய முன்னுரையோடுதான் ஆரம்பமாகிறது. அரபு மத்ரஸாக்களில் காலங்காலமாக ஓதப்பட்ட மன்திக் பாடத்தின் 'ஈஸாகூஜி' என்ற பெயரே போர்பிரி என்ற கிரேக்க மெய்யியலாளரின் அறிமுக நூலின் பெயர்தான். எங்கள் ஆலிம்கள் அஞ்சாமல் ஓதிக்கொடுத்ததைப் பார்த்து நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நீச்சல் தெரியாதவனை ஆற்றங்கரையிலிருந்து தடுப்பது போல, சாதாரண மக்களை இந்த நூல்களிலிருந்து தடுக்க வேண்டும் என்றும் இமாம் எழுதியிருக்கிறார்கள். எங்களை எதிர்ப்பவர்களின் வலுவான ஆதாரம் இதுதான். ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் இன்றைக்கு ஆறு எங்கே இருக்கிறது? பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில், போனுக்குள் இருக்கிறது. கடவுள் இல்லை என்று வாதிடும் காணொளியும் அங்கே இருக்கிறது, பக்கத்து ஊர்க்காரன் காபிர் என்று வாதிடும் காணொளியும் அங்கே இருக்கிறது. பிள்ளை கரையில் நிற்கவில்லை, தண்ணீருக்குள் இறங்கி நாளாகிறது. அப்படியிருக்க, கரையில் நிற்கும் ஆசிரியருக்கு நீச்சல் தெரியாமல் இருப்பது பேணுதலா, பொறுப்பின்மையா?

குர்துபாவின் காழியாக இருந்த இப்னு ருஷ்த் (ரஹ்) இதற்கு வேறோர் உவமை சொல்கிறார்கள். தண்ணீர் குடித்த யாரோ ஒருவருக்குப் புரையேறி மௌத்தாகிவிட்டார் என்பதற்காகத் தாகித்தவர்கள் எல்லோருக்கும் தண்ணீரைத் தடுப்பதா என்று கேட்கிறார்கள். கஸ்ஸாலியின் 'தஹாபுத்'துக்கு மறுப்பு எழுதியவரும் இவர்தான். இரண்டு பேரும் எங்கள் இமாம்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் வாசித்து, வரி வரியாகப் பதில் எழுதும் மரபிலிருந்து வந்தவர்கள். எங்கள் நாட்டிலும் சித்திலெவ்வை அவர்கள் 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கியபோது எதிர்ப்புக்கு நடுவில்தான் எழுதினார்கள். பிற்காலத்தில் 'அஸ்ராருல் ஆலம்' என்ற தத்துவ நூலையும் தமிழிலேயே எழுதினார்கள். இது வெளியிலிருந்து வந்த சரக்கு அல்ல.

கடைசியாக நேரம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஸுப்ஹுக்குப் பிறகு 45 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள். நாளுக்குப் பத்துப் பக்கம், கிழமைக்கு 50. நோய், கலியாண வீடு, மௌத்து வீடு, பரீட்சைக் கடமை எல்லாவற்றையும் கழித்து வருடத்துக்கு 40 கிழமை என்று வைத்தாலும் 2000 பக்கம். மெல்லிய புத்தகமாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு வரும். போனைத் தள்ளி வைத்தால் இந்த 45 நிமிடம் யாருக்கும் கிடைக்கும்.

திட்டம் இது.

முதல் ஆறு மாதம் அளவையியல். உயர்தரப் பாட நூலே போதும். கிழமைக்கு ஒரு பத்திரிகைத் தலையங்கம், ஒரு மேடைப் பேச்சு, எங்கள் பக்கத்து ஆள் எழுதிய ஒரு பதிவு ஆகிய மூன்றையும் எடுகூற்று, முடிவு என்று பிரித்துக் கொப்பியில் எழுத வேண்டும். "எங்கள் பக்கத்து ஆள்" என்பது கட்டாயம்.

இரண்டாவது ஆறு மாதம் பிளேட்டோவின் சிறிய உரையாடல்கள். குறிப்பாக 'மெனோ'. அதில் சோக்கிரட்டீஸ் படிப்பறிவில்லாத ஓர் அடிமைப் பையனிடம், ஒரு சதுரத்தின் பரப்பை இரட்டிப்பாக்கச் சொல்கிறார். பக்கத்தை இரட்டிப்பாக்கினால் சரி என்கிறான் பையன், பரப்பு நான்கு மடங்காகிறது. ஒன்றரை மடங்கு என்கிறான், அதுவும் பிழைக்கிறது. "தெரியாது" என்று சொன்ன பிறகுதான் மூலைவிட்டத்துக்கு வருகிறான். விடையைச் சொல்லிக்கொடுக்காமல் கேள்வியால் நகர்த்துவது எப்படி என்று எத்தனையோ செயலமர்வுகளில் கேட்டிருப்போம். நடத்திக் காட்டிய பாடம் இங்கே இருக்கிறது. அந்தக் கேள்விகள் பையனை விடைக்குத் தள்ளினவா, அவனே கண்டுபிடித்தானா என்பதையும் விவாதிக்கலாம்.

மூன்றாவது, கஸ்ஸாலியும் இப்னு ருஷ்தும். 'அல்முன்கித்' முழுமையாக. இரண்டு தஹாபுத்களிலும் 17வது விடயம் மட்டும், நெருப்பும் பஞ்சும் பற்றிய விவாதம். நெருப்பு பஞ்சை எரிக்கிறதா, நெருப்புப் பட்டதும் பஞ்சு எரிவதை மட்டும்தான் நாம் பார்க்கிறோமா? விஞ்ஞான ஆசிரியரும் இஸ்லாம் பாட ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

நான்காவது, திரும்பவும் கலாசாலைக் குறிப்புக்கு. 'எமில்', டூயி 1916இல் எழுதிய 'ஜனநாயகமும் கல்வியும்'. இந்தத் தடவை குறிப்பு இல்லாமல், புத்தகத்தோடு.

சந்திப்புக்கு இரண்டே விதிகள். ஒன்று, நூலாசிரியரின் வாதத்தைப் பத்து வரியில் நியாயமாக எழுதிக் காட்டாதவர் மறுப்புச் சொல்லக் கூடாது. இரண்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் தனக்குப் பிடிக்காத பக்கத்துக்காக வாதாட வேண்டும்.

ஆங்கிலம் கடினம் என்று பின்வாங்குபவர்களுக்கு ஒரு சின்ன வழி. 'சோஃபியின் உலகம்' தமிழில் இருக்கிறது. அதை எழுதிய யொஸ்டைன் கார்டெர் நோர்வேயில் பாடசாலையில் மெய்யியல் படிப்பித்த ஆசிரியர். அங்கிருந்து தொடங்கலாம்.

அவிசென்னா என்று ஐரோப்பா அழைத்த இப்னு ஸீனா, அரிஸ்டோட்டிலின் ஒரு நூலை 40 தடவை வாசித்தும் விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். பிறகு கடைத்தெருவில் மூன்று திர்ஹத்துக்கு வாங்கிய பாராபியின் சிறிய நூல்தான் அவருக்கு அதைத் திறந்துவிட்டது. அவருக்கே 40 தடவை என்றால் எங்களுக்கு விளங்காத பக்கங்களைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை.

சேர விரும்பும் ஆசிரியர்கள், ஆசிரியைகள், மௌலவிமார் யாரும் வரலாம். மூன்று பேர் சேர்ந்தால் உங்கள் ஊரிலேயே தொடங்கலாம், எங்களைக் காத்திருக்க வேண்டாம். ரமழான் விடுமுறை வருவதற்கு முன் முதல் சந்திப்பை வைத்துவிடுங்கள். வரும்போது ஒரு கொப்பியும், உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு பதிவை எடுகூற்று, முடிவு என்று பிரித்து எழுதிய ஒரு தாளும் கொண்டுவாருங்கள். பிடிக்காததைப் பிரிப்பது எல்லோருக்கும் லேசு.