கவரில் வரும் ஹராம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



தேர்தல் காலம் வந்துவிட்டால் நம் மஹல்லாக்களின் திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் கூட்டணிக் கணக்குகள் ஓயாமல் பேசப்படுகின்றன. எந்தக் கட்சி நமக்கு எத்தனை இடம் ஒதுக்கியது, வக்ஃபு விவகாரத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள், இட ஒதுக்கீட்டை உயர்த்துவதாக யார் வாக்களித்தார்கள் என்றெல்லாம் விவாதிக்கிறோம். இவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவுகளில் நம் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் ஒரு பொருளைப் பற்றி மட்டும் பெரும்பாலான மிம்பர்கள் மௌனம் காக்கின்றன. வாக்காளர் பட்டியலை ஒரு கையிலும் பணக்கட்டை மறு கையிலும் வைத்துக்கொண்டு, "உங்கள் வீட்டில் எத்தனை ஓட்டு?" என்று கேட்டு நீட்டப்படும் கவர்தான் அந்தப் பொருள். பன்றிக் கொழுப்பு கலந்திருக்குமோ என்று ஐயுற்று, பிஸ்கட் பொட்டலத்தின் பின்புறத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்கும் குடும்பங்கள், அந்தக் கவரை மட்டும் எண்ணிப் பார்த்து பீரோவுக்குள் வைக்கின்றன.

அது லஞ்சம். லஞ்சம் ஹராம். இக்கட்டுரை சொல்ல வருவது இவ்வளவே. மீதமுள்ளவை, இந்த எளிய உண்மையிலிருந்து நழுவுவதற்காக நாம் கண்டுபிடித்து வைத்திருக்கும் சாக்குகளுக்கான பதில்கள்.

தமிழகம் ஈட்டிய அவப்பெயர்

2009ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓர் ஊரின் பெயரே வாக்குக்குப் பணம் கொடுக்கும் முறைக்குச் சூட்டப்பட்டது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய இரு சட்டமன்றத் தொகுதிகளின் தேர்தல், பண விநியோகத்தின் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டுப் பின்னர் ரத்து செய்யப்பட்டது. 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் அவ்வாறே ரத்தானது. 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு நிறுத்தப்பட்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் நடத்தப்பட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் அத்தொகுதியில்தான் உள்ளன. நம் சமுதாயத்தவர் செறிந்து வாழும் ஊர்கள் அவை. அத்தேர்தலில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த வித்தியாசம் வெறும் 8,141 வாக்குகள். சில மஹல்லாக்கள் சேர்ந்தாலே எட்டிவிடக்கூடிய எண்ணிக்கை இது. நம் வாக்குக்கு எடை இல்லை என்று இனியும் யாரும் சொல்ல வேண்டாம். எடை இருப்பதனால்தான் அதற்கு விலை பேசப்படுகிறது.

எந்தக் கட்சி கொடுத்தது, எந்தக் கட்சி கொடுக்கவில்லை என்ற விவாதத்திற்குள் நான் இறங்கவில்லை. கொடுப்பவரின் கொடி எந்த நிறமாயினும் கவரின் ஹுக்மு ஒன்றுதான்.

வாக்கு என்பது என்ன?

மார்க்க அறிஞர் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் வாக்கை மூன்று கோணங்களில் விளக்கியுள்ளார்கள். ஒன்று, அது சாட்சியம். இவர் இப்பொறுப்புக்குத் தகுதியானவர் என்று அல்லாஹ்வின் முன்னிலையில் நாம் கூறும் சாட்சி அது. இரண்டு, அது பரிந்துரை. நற்பரிந்துரை செய்பவருக்கு அதில் ஒரு பங்குண்டு, தீய பரிந்துரை செய்பவருக்கு அதன் பாவத்தில் பங்குண்டு என அந்நிஸா அத்தியாயத்தின் 85ஆம் வசனம் எச்சரிக்கிறது. மூன்று, அது வகாலத். நம் சார்பிலும் ஊரார் அனைவரின் சார்பிலும் ஒருவரைப் பிரதிநிதியாக நியமிப்பது அது.

இம்மூன்றில் எதற்கு விலை வாங்கலாம்? நீதிமன்றத்தில் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு சாட்சி சொன்னார் என்று கேள்விப்பட்டால் அவரைப் பொய்ச்சாட்சிக்காரர் என்று காறி உமிழ்கிறோம். விரலில் மை வைத்துக்கொண்டு சொல்லும் சாட்சிக்கு மட்டும் வேறு சட்டமா? நமக்கும் நம் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராகவே அமைந்தாலும் நீதிக்குச் சாட்சியாளர்களாக நிலைத்து நிற்குமாறு அதே அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பெற்ற தாய்க்காகக் கூட வளைக்கக் கூடாத சாட்சியத்தை ஆயிரம் ரூபாய்க்காக வளைக்கிறோம்.

லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது. மறுமையில் அல்லாஹ் ஏறெடுத்தும் பார்க்காத மூவரில் ஒருவர், உலக ஆதாயத்திற்காக மட்டுமே தலைவருக்கு பைஅத் செய்தவர் என்றும், கொடுத்தால் திருப்தியும் கொடுக்காவிட்டால் அதிருப்தியும் கொள்பவர் அவர் என்றும் புகாரியில் இடம்பெற்றுள்ளது. நம் தெருக்களில், "போன முறை ஜெயித்தவர் இந்த முறை நம் தெருவுக்கு ஒன்றும் தரவில்லை" என்று அங்கலாய்ப்பவர்கள் அந்த ஹதீஸை ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும்.

"அது அன்பளிப்புதானே?"

ஸகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தந்தையின் வீட்டிலோ தாயின் வீட்டிலோ அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். இதே கேள்வியை நம் கவருக்கும் கேட்போம். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லாதிருந்தால் அந்த மனிதர் உங்கள் கதவைத் தட்டியிருப்பாரா? உங்கள் மகளின் திருமணத்திற்கு வராதவர், உங்கள் வீட்டு ஜனாஸாவுக்கு வராதவர், தேர்தலுக்கு முந்தைய இரவில் மட்டும் அன்பு பொங்கி வந்தாரா?

"எல்லாம் நம் வரிப்பணம்தானே?"

களவுபோன பொருளின் ஒரு துண்டைத் திருடனிடமிருந்தே கூலியாகப் பெற்றுக்கொண்டு, அவனை மீண்டும் காவலுக்கு அமர்த்துவதற்குப் பெயர் உரிமை மீட்பு அன்று. அரசின் நலத்திட்டத்தையும் இதனோடு சிலர் குழப்புகிறார்கள். நியாயவிலைக் கடை அரிசியும், 2023 செப்டம்பர் முதல் வழங்கப்பட்டு வரும் மகளிர் உரிமைத் தொகையும் அரசு ஆணையின்படி, கருவூலத்திலிருந்து, பகிரங்கமாக வருபவை. நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கவரோ இரவில் வருகிறது, இரகசியமாக வருகிறது. உள்ளத்தை உறுத்துவதும் பிறர் அறிவதை நாம் வெறுப்பதுமே பாவம் என்று நபி (ஸல்) அவர்கள் அடையாளம் காட்டியது முஸ்லிமில் உள்ளது. பறக்கும் படையினரின் வாகனம் தெருவில் நுழைந்ததும் அந்தக் கவர் ஏன் அரிசிப் பானைக்குள் போகிறது?

"வாங்கிக்கொண்டு விருப்பப்படி வாக்களித்தால் என்ன?"

படித்தவர்களும் கூச்சமின்றிச் சொல்லும் சாக்கு இதுதான். கொடுத்தவருக்கே வாக்களித்தால் சாட்சியத்தை விற்ற பாவம். மாற்றி வாக்களித்தால், லஞ்சம் வாங்கிய பாவத்தோடு ஏமாற்றிய பாவமும் சேரும். இரண்டு வழியிலும் ஹராமான பணம் ஹராமாகவே இருக்கிறது. நாட்டின் சட்டமும் வாங்கியவரை விட்டுவிடவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173ஆம் பிரிவுகளின்படி தேர்தல் லஞ்சம் கொடுப்பதும் குற்றம், பெறுவதும் குற்றம். ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

கைபர் விவசாயிகளின் பேரீச்ச விளைச்சலை மதிப்பிடச் சென்ற அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரழி) அவர்களிடம், மதிப்பீட்டைக் குறைப்பதற்காக அம்மக்கள் தம் பெண்களின் நகைகளைத் திரட்டிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு சரியாக மதிப்பிட்டுவிடலாம் என்று அவர் எண்ணவில்லை. இது அசுத்தமான பொருள், நாங்கள் இதை உண்ணமாட்டோம் என்று கூறித் திருப்பிக் கொடுத்தார். இந்த நீதியைக் கொண்டுதான் வானமும் பூமியும் நிலைத்திருக்கின்றன என்று லஞ்சம் கொடுக்க வந்தவர்களே வியந்தார்கள். மாற்றார் வாயால் மார்க்கம் புகழப்பட்டது அப்படித்தான்.

"ஏழைகள் என்ன செய்வார்கள்?"

மேலப்பாளையத்தில் பீடி சுற்றியும், ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் நின்றும் பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிக்கு இரண்டாயிரம் ரூபாய் என்பது பெரிய தொகை. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்தாண்டுகளுக்கு 1,826 நாட்கள். ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் பத்துக் காசுதான் விழுகிறது. அந்த ஒரு ரூபாய்க்காக, சாக்கடை தேங்கும் தெருவையும் மருத்துவர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தையும் கேள்வி கேட்கும் உரிமை போய்விடுகிறது. வியாபாரச் சட்டத்தை நாங்கள் மதரஸாவில் போதிக்கிறோம்: விலை கைமாறி, பொருளும் கைமாறிவிட்டால் விற்றவருக்கு அப்பொருளின் மீது பாத்தியதை இல்லை. வாங்கியவரும் இதை நன்கறிந்தே இருக்கிறார். வார்டு கவுன்சிலரிடம் குடிநீர் கேட்டுச் சென்றால், "சும்மாவா போட்டீர்கள்?" என்ற பதில் வருவது அதனால்தான்.

ஆனால் அச்சகோதரியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு முன், வசதி படைத்தவர்கள் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்: ரமளானில் வெளியேறும் நம் ஸகாத் ஒழுங்காகத் திரட்டப்பட்டு, மஹல்லாவின் பைத்துல்மால் உயிரோடு இருந்திருந்தால், அந்த வீட்டு வாசலில் கட்சிக்காரரின் கவருக்கு இவ்வளவு மதிப்பு இருந்திருக்குமா? மேலும், காரும் மாடி வீடும் உள்ளவர்களின் வீடுகளிலும் அதே கவர் வாங்கப்படுகிறதே, அங்கே எந்த வறுமை வந்தது?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு

தனிமனிதர் தம் ஒரு வாக்கை விற்கிறார். ஒரு சில ஊர்களில் நிர்வாகிகள் மஹல்லா முழுவதையும் விற்கிறார்கள். வேட்பாளரை வரவழைத்து, சால்வை போர்த்தி, "எங்கள் ஜமாஅத்தின் எண்ணூறு ஓட்டும் உங்களுக்கே" என்று உறுதி அளிக்கிறார்கள். அந்த எண்ணூறு பேரில் எத்தனை பேரைக் கேட்டீர்கள்? பெண்களில் ஒருவரையேனும் கேட்டீர்களா? உன்னிடம் இல்லாததை விற்காதே என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் இட்ட கட்டளை ஒட்டகத்திற்கும் தானியத்திற்கும் மட்டுமா உரியது? பிறருடைய அமானிதத்தை அவர்கள் அறியாமலே விற்பது அதைவிட எளிதாகிவிட்டதா?

"நாங்கள் எங்களுக்காக வாங்கவில்லை, பள்ளிவாசலுக்காக வாங்கினோம்" என்பார்கள். ஒலிபெருக்கி, ஒளூ செய்யும் இடத்திற்கு ஓடு, மையவாடிக்குச் சுற்றுச்சுவர். இவர்களுக்கு என் பதில் ஒன்றே. குறைஷிகள் கஅபாவைப் புதுப்பித்தபோது அவர்கள் சிலை வணங்கிகளாக இருந்தார்கள். அப்படியிருந்தும், வட்டிப் பணமும் விபச்சாரக் கூலியும் பிறருக்கு அநீதி இழைத்துப் பெற்ற பொருளும் அல்லாஹ்வின் ஆலயத்திற்குள் வரக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். தூய பணம் போதவில்லை. கட்டடத்தைச் சுருக்கினார்களே தவிர அசுத்தப் பணத்தைச் சேர்க்கவில்லை. விடுபட்ட அப்பகுதிதான் இன்றும் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் காணும் ஹதீம். அறியாமைக் கால மக்களுக்கு இருந்த ரோஷம், கலிமா சொன்ன முத்தவல்லிக்கு இருக்க வேண்டாமா?

திருநெல்வேலியில் பிறந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்) அவர்கள், கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில் தொடர்ந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். வேறு மாநிலத்து மக்கள் அவரை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தது அவர் மீது கொண்ட நம்பிக்கையால். அந்தத் தலைவரின் பெயரை மேடைதோறும் சொல்லும் நாம், அந்த நம்பிக்கையின் இடத்தில் கவரை வைத்துவிட்டோம்.

இனி செய்ய வேண்டியவை

கவர் வந்தால் வாங்காதீர்கள். வீட்டில் இல்லாத நேரத்தில் கொடுத்துச் சென்றிருந்தால் திருப்பிக் கொடுங்கள். 1950 என்ற எண்ணிலோ தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியிலோ புகார் அளிக்கலாம். முன்னரே பணம் வாங்கியவர் தவ்பா செய்து, கொடுத்தவரிடமே சேர்த்துவிடட்டும்.

குர்ஆன் மீது சத்தியம் வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தார்கள், இப்போது மாற்றி வாக்களிக்க அஞ்சுகிறோம் என்பவர்களும் உண்டு. ஒரு சத்தியம் செய்தபின் அதைவிடச் சிறந்ததைக் கண்டால், சிறந்ததையே செய்து சத்தியத்திற்குப் பரிகாரம் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ அளிக்க வேண்டும். இயலாதவர் மூன்று நாள் நோன்பு நோற்க வேண்டும். அந்தச் சத்தியத்தைக் காட்டி யாரும் உங்களை அடிமையாக்க முடியாது.

வாக்களிக்காமல் வீட்டில் இருந்துவிடுவது இதற்குத் தீர்வன்று. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குரியது என்று அல்பகரா அத்தியாயம் எச்சரிக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் உரிய காலத்தில் படிவம் 6 கொடுத்துச் சேருங்கள். நிற்பவர்களில் நேர்மையும் திறமையும் நீதியுணர்வும் கூடுதலாக உள்ளவர் யார் என்று வீட்டில் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் அமர்ந்து பேசுங்கள். கதீபுமார்கள் மிம்பரில் எந்தக் கட்சியின் பெயரையும் சொல்ல வேண்டாம். வழிபாட்டுத் தலத்தில் பிரசாரம் செய்வதைத் தேர்தல் நடத்தை விதிகள் தடுக்கின்றன. லஞ்சம் ஹராம் என்று சொல்வதை எந்த விதியும் தடுக்கவில்லை.

மக்தபில் லஞ்சம் பற்றிய ஹதீஸை மனனம் செய்து ஒப்புவித்த ஒரு சிறுவன், "அப்படியென்றால் எங்கள் வீட்டிற்கு வந்த பணம், உஸ்தாத்?" என்று கேட்டுவிட்டுத் தலை குனிந்து நின்றான். நாம் சொல்லிக் கொடுக்கும் மார்க்கத்தையும் நாம் வாழ்ந்து காட்டும் மார்க்கத்தையும் பிள்ளைகள் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். அந்தச் சிறுவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உஸ்தாத் அல்லர்; கவரை வாங்கிய பெற்றோர்.

யா அல்லாஹ்! ஹலாலைக் கொண்டு எங்களைப் போதுமானவர்களாக்கி, ஹராமை விட்டும் எங்களைக் காப்பாயாக. எங்கள் சாட்சியத்தை நீதிக்குரியதாக்குவாயாக. ஆமீன்.