எங்கட முற்றத்தில் விழுறது அப்பிள் இல்லை

போன புரட்டாதியில் ஸ்காபரோவில் இருக்கிற சித்தி வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினா. நீளத் தட்டில் சுட்ட, மேற்பக்கம் வெடிச்சு எழும்பின, மண்ணிறக் கேக் மாதிரி ஒன்று. பக்கத்தில் இரண்டு அப்பிள், ஒரு துண்டு கறுவா, சிவந்த மேப்பிள் இலை. கீழே ஒரு குரல் பதிவு: "பிள்ளை, இஞ்ச ஃபோல் தொடங்கீட்டுது. தோட்டத்துக்குப் போய் அப்பிள் புடுங்கிக்கொண்டு வந்து அப்பிள் பிரெட் போட்டனான். நீயும் செய்து பார், லேசு."

செய்து பார்க்கத்தான் நினைத்தேன். கம்பஸ் முடிந்து வரும் வழியில் யாழ்ப்பாணம் சந்தையடியில் மூன்று அப்பிள் வாங்கினேன். அந்தக் காசுக்கு ஒரு கிலோ சீனி வாங்கியிருக்கலாம். ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தியில் இறங்கி ஒழுங்கையால் நடக்கேக்க கால் எதிலோ இடறியது. குனிந்து பார்த்தால் பனம்பழம். வழி நெடுகப் பனம்பழம். சிலது மாடு சூப்பிப் போட்டது, சிலது வண்டு மொய்க்கிறது, சிலது அப்பதான் விழுந்து வெடிச்சு மணக்கிறது. மூன்று அப்பிளையும் நசியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பனம்பழத்தைக் காலால் தள்ளிவிட்டு நடந்தேன்.

அன்றைக்கு இரவு அது எனக்கு உறுத்தத் தொடங்கியது. இந்தக் கட்டுரை அந்த உறுத்தலைப் பற்றியது.

முதலில் சித்தி போட்டது என்ன என்று பார்ப்போம். பெயர் பிரெட் என்றாலும் எங்கட பாண் மாதிரி ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கிற சாமான் இல்லை அது. அப்பச்சோடாவும் பேக்கிங் பவுடரும்தான் மாவைப் பொங்க வைக்கும். சோடா புளிப்போடு சேர்ந்தால் வாயு வரும். அந்த வாயு மாவுக்குள் குமிழ் குமிழாக நிற்க, போறணைச் சூட்டில் மா அப்படியே இறுகிவிடும். குழைத்த உடனே சுடலாம், காத்திருக்கத் தேவையில்லை. அதனால்தான் அங்கே இதைக் 'குயிக் பிரெட்' என்கிறார்கள். 1796இல் அமெரிக்காவில் அமெலியா சிமன்ஸ் என்ற பெண் எழுதின சமையல் புத்தகத்திலேயே, மரச்சாம்பலில் இருந்து எடுக்கிற ஒரு உப்பைப் போட்டு மாவை எழுப்புற முறை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சோடா கடைகளுக்கு வந்த பிறகு இந்த முறை வீடு வீடாகப் பரவியது.

சரி, ஏன் அப்பிள்? புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் அங்கே அப்பிள் குவியும். நல்லது சந்தைக்குப் போகும். அடிபட்டதும் தோல் சுருங்கினதும் வீட்டில் மிஞ்சும். அதுகளைத் துருவி மாவோடு சேர்த்து, கறுவாவும் சாதிக்காயும் போட்டுச் சுட்டால் ஒரு வாரத்துக்குத் தேத்தண்ணியோடு சாப்பிடலாம். கஃபேக்களும் கம்பனிகளும் இந்த வாசத்தை விலைக்கு விற்கத் தொடங்கியது பிறகு. ஸ்டார்பக்ஸ் தன்னுடைய பூசணி மசாலாக் கோப்பியை 2003இல்தான் கொண்டுவந்தது. இப்ப எங்கட போனில் வருகிற 'இலையுதிர்கால' வீடியோக்கள் எல்லாம் அந்த வியாபாரத்தின் நீட்சி. ஆனால் அடியில் இருக்கிறது சாதாரண வீட்டுப் புத்தி: வளவில் விழுகிறதை வீணாக்காதே.

இப்ப எங்கட வளவுக்கு வாருங்கோ. மண்டைதீவில் இலை சிவக்காது, குளிர் வராது. ஆனால் சித்தி வீட்டில் அப்பிள் பழுக்கிற அதே நாட்களில்தான் இங்கே பனம்பழம் விழுகிறது. ஆடிக் கடைசியில் தொடங்கி ஆவணி, புரட்டாதி முழுக்க இரவில் 'தொம்' என்று விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்களுக்கு இலை உதிர்காலம் இல்லை, பழம் உதிர்காலம் இருக்கிறது.

அம்மம்மாவின் காலத்தில் விடிய எழும்பினவுடன் முதல் வேலை கடகத்தைத் தூக்கிக்கொண்டு பழம் பொறுக்கப் போவது. கழுவி, தோலை உரித்து, கொஞ்சம் தண்ணி தெளித்துப் பிசைந்தால் தும்பில் இருந்து செம்மஞ்சள் களி வரும். அந்தக் களியைச் சீனி போட்டுப் பச்சை மணம் போகும்வரை காய்ச்சி, ஆறினபிறகு வறுத்த மாவோடு குழைத்து, தாச்சியில் கொதிக்கிற எண்ணெயில் சின்னச் சின்ன உருண்டையாகக் கிள்ளிப் போட்டால் பனங்காய்ப் பணியாரம். களியைப் பாயில் தடவி வெயிலில் காயவைத்தால் பனாட்டு. களி எடுத்த கொட்டையைப் பாத்தியில் அடுக்கி மண் போட்டு மூடினால் மாரி மழை குடித்து, தையில் பனங்கிழங்கு. கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், ஒடியலை இடித்தால் மா, மாவில் கூழ். ஆவணியில் ஒரு பழத்தைப் பொறுக்காமல் விட்டால் தையில் கிழங்கும் இல்லை, அதற்குப் பிறகு கூழும் இல்லை. நான் காலால் தள்ளிவிட்டது ஒரு பழத்தை மட்டும் இல்லை என்று அம்மம்மா விளங்கப்படுத்தினபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

இந்த இடத்தில் 'வெள்ளைக்காரன் சாப்பாடு வேண்டாம், எங்கட மரபுக்குத் திரும்புவோம்' என்று எழுதி முடித்தால் கைதட்டு கிடைக்கும். நான் அப்படி எழுதப் போவதில்லை. ஏனென்றால் அது உண்மை இல்லை.

சித்தியின் அப்பிள் பிரெட்டில் மணக்கிற கறுவா எங்கட நாட்டில் விளைகிறது. காலி, மாத்தறைப் பக்கம் இன்றைக்கும் பட்டை உரிக்கிறார்கள். அந்தப் பட்டைக்காகத்தான் முதலில் போர்த்துக்கேயரும் பிறகு ஒல்லாந்தரும் இந்தத் தீவைப் பிடித்து வைத்திருந்தார்கள். மண்டைதீவில் இருந்து பண்ணைக் கடலுக்கு அங்காலே பார்த்தால் தெரிகிற யாழ்ப்பாணக் கோட்டை அவர்கள் கட்டினது. எங்கட குசினியில் உள்ள பாண், போறணை, தாச்சி மூன்றும் போர்த்துக்கேயச் சொற்கள். மரபு என்று நாங்கள் கண்ணில் ஒற்றுகிற பணியாரத்துக்குப் போடுகிற கோதுமை மா கப்பலில் வருகிறது. அதனால் எது எங்கட, எது எங்கட இல்லை என்று கோடு கீறத் தொடங்கினால் அடுப்பில் ஒன்றும் மிஞ்சாது.

இன்னொரு நேர்மையான விஷயமும் இருக்கிறது. களி பிசைகிறது லேசான வேலை இல்லை. தும்பு விரலைக் கிழிக்கும், கறை நகத்தில் நாட்கணக்காக நிற்கும், இடுப்பு விட்டுப்போகும். அந்த வேலையைச் செய்தது யார்? அம்மம்மா, அவவின் தாய், அவவின் தங்கச்சிமார். மரபு அழிகிறது என்று மேடையில் கவலைப்படுகிற ஐயாமார் எத்தனை பேர் ஒரு பழம் பிசைந்திருப்பார்கள்? எங்கட அம்மாமார் வேலைக்குப் போய் வந்து களைத்துப்போய் அதை விட்டார்கள் என்றால் பிழை அவர்களில் இல்லை. வருசத்துக்கு ஒருக்கால் உணவுத் திருவிழா வைத்து, பணியாரத்தைப் பொலித்தீன் பையில் போட்டு விற்று, 'பாரம்பரியம்' என்று பேனர் கட்டுவதாலும் இது மாறாது. பனை அபிவிருத்திச் சபை 1978இல் இருந்து இருக்கிறது. பனை உற்பத்திகளைக் கடையில் வாங்கலாம். ஆனால் பழம் விழுகிறது வீட்டு முற்றத்தில். அது எடுபடுகிறதா, அழுகுகிறதா என்பது வீட்டில்தான் தீர்மானமாகிறது.

அடுத்த நாள் சித்திக்கு அழைப்பு எடுத்து, பனம்பழத்தை உதைத்த கதையைச் சொன்னேன். அவ சிரிப்பா என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

1990இல் சித்திக்குப் பதினாலு வயது. அந்த ஆவணியில், கோட்டைக்குள் முற்றுகையில் இருந்த படையினரை மீட்க இராணுவம் தீவுப்பகுதியில் இறங்கியது. மண்டைதீவு அவர்களுக்குப் போகும் வழி. சனம் கையில் அகப்பட்டதோடு ஓடியது. பிடித்துக்கொண்டு போன எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. அவர்களைத் தேடுகிற குடும்பங்கள் இன்றைக்கும் எங்கட ஊரில் இருக்கின்றன. அம்மம்மா ஆட்கள் பிறகு எப்பவோ திரும்பி வந்தார்கள். சித்தி வரவில்லை.

"நாங்கள் வெளிக்கிடேக்க முற்றத்தில பாய் விரிச்சு பனாட்டுக் காய்ஞ்சுகொண்டு கிடந்தது," எண்டு சித்தி சொன்னா. "அதை ஆர் எடுத்ததோ, மழையில போச்சுதோ தெரியாது. இஞ்ச வந்தபிறகும் பழம் விழுற மாசம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது பிள்ளை. பனம்பழத்துக்கு நான் எங்க போறது? அதுதான் அப்பிள்."

அப்பதான் எனக்கு விசயம் விளங்கியது. சித்தி மேற்கத்தையப் பழக்கம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எனக்கு அனுப்புகிறா என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அவ செய்தது அம்மம்மா செய்ததைத்தான்: ஆவணி, புரட்டாதியில் கிட்டக் கிடைக்கிற பழத்தைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவது. இருக்கிற இடத்தில் என்ன விழுகிறதோ அதை எடுத்தா. பனைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு, கப்பலில் வந்த அப்பிளை வாங்கி, சித்தியைப் பின்பற்றுகிறதாக நினைத்த நான்தான் பழக்கத்தை விட்டவள்.

ஆகவே என் கருத்து இது. வெளியில் இருந்து ஒரு சமையல் முறை வந்தால் அதன் சாமானைப் பார்க்காமல் அதன் புத்தியைப் பார்க்க வேண்டும். குயிக் பிரெட் எனக்குக் கற்றுத் தந்தது இரண்டு: பழம் விழுகிற நேரத்தில் அந்தப் பழத்தை எடு, வேலையைச் சுருக்கு. இரண்டாவதும் முக்கியம். பணியாரத்துக்கு அடுப்படியில் மணித்தியாலக் கணக்கில் நின்று எண்ணெய்ச் சூட்டில் வேக வேண்டும். தட்டில் ஊற்றிச் சுட்டால் அந்த நேரம் மிச்சம். அம்மம்மா செய்த மாதிரியே செய்தால்தான் மரபு என்று நின்றால், அந்த வேலைக்குத் திரும்ப ஒருவரும் வரமாட்டார்கள், பழம் ஒழுங்கையில் அழுகும்.

செய்தும் பார்த்தேன். முதல் தரம் படுதோல்வி. பச்சைக் களியை அப்படியே மாவில் ஊற்றி, சோடாவை அள்ளிப் போட்டேன். ஒரு பக்கம் கைப்பு, மற்றப் பக்கம் சவர்க்கார ருசி. தம்பி ஒரு துண்டு வாயில் வைத்துவிட்டு, "அக்கா, நாய்க்கும் வைக்காதையுங்கோ" என்றான். அம்மம்மா ருசி பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "களியைக் காய்ச்சினனியே?" காய்ச்சவில்லை. பணியாரத்துக்கு ஏன் களி காய்ச்சுகிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதும் இல்லை. புது முறைக்கும் பழைய ஆளின் கை தேவை என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

இரண்டாந்தரம் தம்பியையே பழம் பொறுக்கவும் பிசையவும் விட்டேன். முணுமுணுத்துக்கொண்டு செய்தான். களியை முக்கால் கப் சீனியோடு, நிறம் கொஞ்சம் கறுக்கும்வரை காய்ச்சி ஆறவிட்டேன். ஒரு கப் அளவு வந்தது. சோடாவுக்குப் புளிப்பு வேண்டுமே, அதற்குக் கால் கப் தயிர். இரண்டு முட்டை, அரைக் கப் தேங்காயெண்ணெய். ஒன்றரைக் கப் மாவில் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா, ஒரு தேக்கரண்டி கறுவாத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் சேர்த்து, அதிகம் அடிக்காமல் கலந்தேன். எங்கட வீட்டில் போறணை இல்லை. பெரிய சட்டிக்குள் மணல் பரப்பிச் சூடாக்கி, தட்டை உள்ளே வைத்து மூடி, மெல்லிய நெருப்பில் ஒரு மணித்தியாலம் விட்டேன். குத்திப் பார்த்த ஈர்க்கில் ஒட்டாமல் வந்தது.

நிறம் சித்தியின் படத்தில் இருந்ததை விட வடிவு. மணம் பாதி பணியாரம், பாதி கேக். அம்மம்மா இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "பணியாரம் மாதிரி இல்லை," என்றா. பிறகு மூன்றாவது துண்டை எடுத்தா. கொட்டைகளைத் தம்பி பின் வளவில் பாத்தி போட்டான். தையில் கிழங்கு கிண்டினோம்.

மூன்று அப்பிளுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுச் சாப்பிட்டோம். அதுவும் நல்லாத்தான் இருந்தது.

இந்த ஆவணியில் உங்கட ஒழுங்கையிலும் பனம்பழம் கிடக்கும். ரெண்டு பழத்தைத் தூக்கிக்கொண்டு போங்கோ. என்ன செய்கிறீர்கள் என்பது உங்கட விருப்பம்: பணியாரம், பனாட்டு, கேக், இல்லையென்றால் சும்மா சுட்டுச் சூப்புங்கோ. தொடங்க முன்னம் வீட்டில் இருக்கிற அம்மம்மாவையோ அப்பம்மாவையோ ஒருக்கால் கேளுங்கோ. பிசையிற வேலையை மட்டும் அவையின்ர தலையில் திரும்பக் கட்டாதையுங்கோ.