இன்ஷியல் உள்ள ஊர்

மனுஷனுக்கு இன்ஷியல் இருப்பது சகஜம். ஊருக்கு இன்ஷியல் உண்டா? எங்கள் ஊருக்கு உண்டு. பஸ் போர்டில் 'பி.வேலூர்' என்றுதான் இருக்கும். 'பி' என்றால் பரமத்தி.

திருச்சியில் காலேஜில் சேர்ந்த முதல் நாளே இந்த இன்ஷியலின் அவசியம் தெரிந்துபோயிற்று. "சொந்த ஊர் வேலூர்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் ஒருத்தன், "எங்க மாமாவுக்கு சி.எம்.சி.லதான் ஆபரேஷன்" என்றான். இன்னொருத்தன் கோட்டையைப் பற்றி விசாரித்தான். சரித்திர மாணவன் ஒருவன் 1806 சிப்பாய்ப் புரட்சிக்கே என்னைப் பொறுப்பாக்கிவிட்டான். ஹாஸ்டல் வார்டன் மட்டும் ஜெயிலைப் பற்றிக் கேட்டார். அவர் கேட்ட தோரணை எனக்குப் பிடிக்கவில்லை.

"அந்த வேலூர் இல்லீங்க சார். நாமக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவுல, காவிரிக் கரையில..." என்று ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள்.

1991-ல் பி.காம். முடித்து வேலைக்கு அப்ளிகேஷன் போட்டபோது ஒரு அசட்டுக் கௌரவம் வந்தது. 'பரமத்தி' என்று எழுதினால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்களோ? வெட்டிவிட்டேன். வெறும் 'வேலூர்'. பார்க்கவே கம்பீரமாக இருந்தது. பின்கோடு, ஜில்லா எதுவும் போடவில்லை. பெரிய மனிதர்களுக்கு எதற்கு பின்கோடு?

இன்டர்வியூ கார்டு வந்தது. எனக்கல்ல, அந்த வேலூருக்கு. இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் என்னைத் தெருத் தெருவாகத் தேடியிருக்கிறார்கள். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் சிவப்பு மையில் 'பரமத்தி வேலூரில் பார்க்கவும்' என்று எழுதி அனுப்ப, கையில் கிடைத்தபோது இன்டர்வியூ முடிந்து ஆறு நாள்.

அம்மா அழுதாள். அப்புச்சி அழவில்லை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, அப்பன் பேரை விட்டுப்போட்டு எழுதினா தபால்காரரு என்ன பண்ணுவாரு?" என்றார். "வா, காலாற நடந்துட்டு வரலாம்."

ராஜவாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனார்.

"காவேரி எங்க ஓடுது? பள்ளத்துல. வயலு எங்க இருக்குது? மேட்டுல. தண்ணி மேல ஏறுமா?"

"மோட்டார் வெச்சா ஏறும்."

"மோட்டார் இல்லாத காலத்துல?"

விழித்தேன். அப்புச்சியே சொன்னார். மேற்கே ஜேடர்பாளையத்தில், நம் ஊரைவிட ஆறு உசரத்தில் ஓடும் இடத்தில் படுகை அணை கட்டித் தண்ணீரைத் திருப்பியவர், நாயக்கர் காலத்தில் இந்தப் பக்கத்தை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர். ஆறு சரசரவென்று கீழே இறங்குகிறது. வாய்க்கால் மெதுவாக இறங்குகிறது. வேலூருக்கு வரும்போது ஆறு கீழே, வாய்க்கால் மேலே. அவ்வளவுதான் சூட்சுமம். ராஜவாய்க்காலும் அதோடு சேர்ந்த குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களுமாக இன்றைக்கும் சுமார் 16,000 ஏக்கர் பாய்கிறது.

அப்புச்சியின் கொடிக்காலும் அந்தத் தண்ணீரில்தான். அகத்தி மரத்தில் வெற்றிலைக் கொடி ஏறி நிற்கும். உள்ளே நுழைந்தால் ஏ.ஸி. தோற்கும். நூறு வெற்றிலை ஒரு கவுளி. 104 கவுளி ஒரு சுமை. அதாவது 10,400 வெற்றிலை. கால்குலேட்டர் இல்லாமல் அதை எண்ணி அடுக்கும் பெண்களுக்கு முன்னால் என் பி.காம். வாய் திறக்கவில்லை.

"செரி, பரமத்தி எதுக்கு நமக்கு அப்பன்?" என்று கேட்டேன்.

பரமத்தி எங்களுக்கு வடக்கே தனி ஊர். சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகரத்தின் அழுக்கையெல்லாம் சுமந்து வரும் திருமணிமுத்தாறு, பரமத்தி வழியாக வந்து எங்களுக்குப் பக்கத்தில் நஞ்சை இடையாற்றில் காவிரியோடு சேருகிறது. "ஆறே பரமத்தியில இருந்து இங்க வந்து சேருது. உனக்கு சேத்து எழுதக் கை வலிக்குதா?" என்றார் அப்புச்சி. பதில் இல்லை. 2011-ல் இருந்து சட்டசபைத் தொகுதிக்கும் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அப்புச்சி சரித்திரமும் படைத்தவர். நாமக்கல் தாலுகா 1910-ல் திருச்சி ஜில்லாவுக்குப் போய் 1929-ல் சேலத்துக்குத் திரும்பியது. 1997 ஜனவரி 1-ல் நாமக்கல்லே தனி மாவட்டம். ஆக, அப்புச்சி பிறந்தது திருச்சி ஜில்லா, வாழ்ந்தது சேலம், கண்ணை மூடியது நாமக்கல். திண்ணையை விட்டு நகரவே இல்லை!

இதெல்லாம் எங்கள் ஊர் தலையெழுத்து என்று நினைத்திருந்தேன். பிறகு சென்னையில் வேலை கிடைத்து, சில வருஷம் முன்பு ஆபீஸுக்கு மெஷின் பூட்ட செக் நாட்டு இன்ஜினீயர் ஒருவர் வந்தார். சொந்த ஊர் கேட்டேன்.

"லோட்டா" என்றார்.

காபி கேட்கிறாராக்கும் என்று பியூனைக் கூப்பிட்டேன். இல்லையாம், ஊர் பேரே அதுதானாம். அந்தச் சின்ன நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட லோட்டாக்கள். குழப்பம் வராமலிருக்க மேல் லோட்டா, கீழ் லோட்டா, நீள லோட்டா என்று ஆளுக்கொரு அடைமொழி. காட்டை வெட்டிக் குடியேறியவர்களுக்கு அந்தக் காலத்தில் சில வருஷம் வரி கிடையாது. அந்தத் தவணைக்குப் பேர்தான் லோட்டா. ஊர் நகரவில்லை, ஆனால் 1918 வரை ஆஸ்திரியா-ஹங்கேரி, பிறகு செக்கோஸ்லோவாகியா, 1939-ல் ஹிட்லர் கையில், 1945-ல் மறுபடி செக்கோஸ்லோவாகியா, 1993 முதல் செக் குடியரசு.

அப்புச்சி கதையைச் சொன்னேன். மனுஷர் எழுந்து வந்து கை கொடுத்தார். மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை.

எங்கள் கொடிக்கால் இப்போது வாழைத் தோப்பு. வெற்றிலை போடுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள், கிள்ளுவதற்கு ஆளும் குறைந்துவிட்டது. வாய்க்கால் மட்டும் தன் பாட்டுக்கு மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இன்டர்வியூ கார்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது, சிவப்பு மையோடு.

போன வாரம் மகன் கம்ப்யூட்டரில் ஏதோ ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தான். "அப்பா, நேட்டிவ் பிளேஸ் கட்டம் சின்னதா இருக்கு. வெறும் வேலூர்னு போட்டுடட்டுமா?"

"கட்டம் பத்தலைன்னா உன் பேரைக் குறைச்சுக்கடா. பரமத்தியில கை வைக்காதே" என்றேன்.