பயிற்றுநர் போனார், பிள்ளைகள் நின்றார்கள்



இந்த முறை உதைபந்தாட்டம் பற்றி எழுதப் போகிறேன். "வேலை, விசா, வாடகை எண்டு எழுதிறவருக்கு இப்ப பந்து விளையாட்டோ?" என்று சிலர் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். லா சப்பலில் ஞாயிறு பின்னேரங்களில் தேத்தண்ணிக் கடைக்குள் நடக்கிற ஒரு வாக்குவாதத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

2025 மே 31ஆம் திகதி இரவு, ஜேர்மனியின் மியூனிக் நகரில், பாரிஸ் சென் ஜெர்மன் கழகம் இத்தாலியின் இன்டர் மிலானை 5-0 என்று வென்று, ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை முதன்முறையாகத் தூக்கியது. பாரிஸ் முழுக்கக் கார் ஹோர்ன் சத்தம். மறுநாள் எங்கள் பக்டரியிலும் அதே கதைதான். எல்லாரும் இரண்டு கோல் அடித்த டெசிரே டூவே பற்றித்தான் கதைத்தார்கள். எனக்கு மனதில் நின்றது ஐந்தாவது கோல். அதை அடித்த செனி மயுலுவுக்கு அப்போது வயது 19. பிறந்த இடம் லு பிளோன் மெனில். கார் து நோரில் ஆர்.ஈ.ஆர். 'பி' ஏறினால் சில தரிப்பிடங்கள்தான். எங்கள் சனமும் குடியிருக்கிற பக்கம். காசு கொடுத்து வெளியில் வாங்கிய ஆளல்ல. கழகத்தின் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த பெடியன்.

இதில் என்ன புதினம் என்று கேட்டால், அந்தக் கழகத்தின் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

2011இல் கட்டார் நாட்டுக் காசு அந்தக் கழகத்துக்குள் வந்தது. அந்த ஆண்டு முடிவிலிருந்து 2023 வரை அன்செலோட்டி, புளோன், எமெரி, ரூக்கல், பொச்செட்டினோ, கல்த்தியே என்று ஆறு பயிற்றுநர்கள் வந்து போனார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்கப்பட்டது ஒன்றே: ஐரோப்பியக் கிண்ணம், அதுவும் உடனே. 2017இல் நெய்மார் என்ற ஒரு ஆளுக்கு மட்டும் 222 மில்லியன் யூரோ கொடுத்தார்கள். 2021இல் மெஸ்ஸியும் வந்து சேர்ந்தார்.

பயிற்றுநரின் இடத்தில் நீங்கள் இருந்து பாருங்கள். இரண்டு வருடத்தில் வேலை போய்விடும் என்று தெரிந்த மனிதன் பதினேழு வயதுப் பெடியனை இறக்கிப் பார்ப்பானா? பெடியன் பிழை விடுவான், ஆட்டம் தோற்கும், பத்திரிகை எழுதும், வேலை போகும். அந்தப் பெடியன் கெட்டிக்காரனாக வரும்போது இந்த மனிதன் வேறு ஊரில் இருப்பான். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று ஊரில் சொல்வார்கள். நாளைக்கே காய் கேட்கிற முதலாளிக்குக் கீழே இருக்கிறவன் தென்னைகூட வைக்கமாட்டான். சந்தையில் போய் வாங்கித்தான் வருவான்.

அப்படி வாங்கியதற்கு அவர்கள் கொடுத்த விலையைப் பாருங்கள். கிங்ஸ்லி கோமான் பாரிசில் பிறந்து, சின்ன வயதிலேயே இந்தக் கழகத்தில் சேர்ந்து வளர்ந்தவர். 2013 பெப்ரவரியில் 16 வயதில் பெரியவர்களின் அணியில் இறங்கினார். அதற்குப் பிறகு கிடைத்த ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2014இல் ஒப்பந்தம் முடிய இத்தாலிக்குப் போய்விட்டார். 2020 ஓகஸ்ட் 23ஆம் திகதி லிஸ்பன் நகரில் பாரிஸ் கழகம் முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரணி பயேர்ன் மியூனிக். 1-0 என்று பாரிஸ் தோற்றது. அந்த ஒரு கோலைத் தலையால் அடித்தவர் யார்? அதே கோமான்தான்.

இன்னொருவர், கோல் காப்பாளர் மைக் மெனியான். அவரும் இந்தக் கழகத்தின் பயிற்சிப் பள்ளிப் பிள்ளை. பெரியவர்களின் அணியில் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்காமல் 2015இல் லீல் கழகத்துக்குப் போனார். 2021இல் லீல் 83 புள்ளிகளோடு பிரான்ஸ் சம்பியன் ஆனது. பாரிசுக்கு 82 புள்ளி. அந்த ஆண்டு லீலின் கோலைக் காத்தவர் மெனியான். சொந்தப் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, பிறகு அவனிடமே தோற்பது சின்ன விசயமில்லை.

திருப்பம் 2022இல் தொடங்கியது. விளையாட்டு இயக்குநர் லெயனார்டோவும் பயிற்றுநர் பொச்செட்டினோவும் அந்த ஆண்டு போனார்கள். இனிப் பளபளப்பு வேண்டாம் என்று கழகத் தலைவரே சொன்னார். 2022 ஓகஸ்டில், கல்த்தியேயின் காலத்தில், ஸயிர் எமரி என்ற பிள்ளை 16 வயதும் 4 மாதமுமாக இருக்கும்போது இறங்கினான். கழகத்தின் வரலாற்றிலேயே ஆகக் குறைந்த வயது. மொந்திரேயில் பிறந்து, ஒபெர்வில்லியேயில் பந்து பழகியவன். அவனுடைய முதற் பெயர் எங்கள் காதுக்கு 'வாறன்' என்றுதான் கேட்கும். சொன்னபடி வந்தும் விட்டான். 2023 நவம்பரில் 17 வயதில் பிரான்ஸ் தேசிய அணியிலும் விளையாடினான். 1914க்குப் பிறகு இவ்வளவு சின்ன வயதில் அந்த அணிக்கு விளையாடியவர் வேறு எவருமில்லை.

2023 யூலையில் கல்த்தியேயும் போனார். ஸ்பெயின்காரரான லூயிஸ் என்றிக்கே வந்தார். அந்தக் கோடையில் மெஸ்ஸி போனார், நெய்மார் போனார். அடுத்த கோடையில் எம்பாப்பேயும் போனார். இனிக் கழகம் சரி என்றார்கள். என்றிக்கேயோ ஓடுகிறவனுக்கும் பந்தைத் திருப்பிப் பறிக்கிறவனுக்கும்தான் இடம் என்றார். 2024 ஒக்டோபரில் டெம்பெலே போன்ற பெரிய ஆட்டக்காரரையே ஒழுங்குக் காரணத்துக்காக லண்டன் பயணத்தில் சேர்க்காமல் விட்டார். அந்த ஆட்டம் தோல்வி. ஆனாலும் அவர் தன் முடிவிலிருந்து இறங்கவில்லை. 2023இல் கழகம் புவாசியில் சுமார் 74 ஹெக்டேயர் நிலத்தில் புதிய பயிற்சி வளாகத்துக்கு மாறியது. பெரியவர்களுக்கும் பெண்கள் அணிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே வளாகம். பெரியவன் பழகுவதைச் சின்னவன் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. மியூனிக்கில் ஆட்டத்தைத் தொடங்கிய பதினொரு பேரில் ஒருவர்கூட அந்தக் கழகத்தின் சொந்தப் பயிற்சிப் பள்ளிப் பிள்ளை இல்லை. டூவே ரென் நகரக் கழகத்தில் வளர்ந்தவர். பெருந்தொகை கொடுத்து வாங்கப்பட்டவர். ஸயிர் எமரியும் மயுலுவும் பிற்பாடு இறக்கப்பட்டவர்கள். இளம் ஆட்களை வாங்குவது ஒன்று, பிள்ளைகளை வளர்ப்பது இன்னொன்று. பணக்காரன் இரண்டையும் செய்யலாம். எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டாவது வழி ஒன்றுதான் உண்டு.

இனி எங்கள் கதைக்கு வருவோம்.

பாரிசில் எங்கள் கழகங்கள் பலவும் ஊர்ப் பெயரோடு, ஊரில் இருந்த கழகத்தின் ஞாபகமாகத் தொடங்கியவை. எனக்குத் தெரிந்த ஒரு கழகம், பெயர் வேண்டாம். பத்து வருடத்துக்கு மேலாக ஒரு மனிதர்தான் அதன் பயிற்றுநர், செயலாளர், சாரதி எல்லாம். உடுப்புத் தோய்ப்பதும் அவர் வீட்டில்தான். அவர் குடும்பத்தோடு லண்டனுக்குப் போய்விட்டார். அடுத்த கோடையில் சுற்றுப்போட்டிக்குப் பதினொரு பேர் சேரவில்லை. லண்டனிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் ஆட்களை வரவழைத்து, ரிக்கற்றும் சாப்பாடும் கொடுத்து விளையாடினார்கள். இரண்டாவது சுற்றில் தோல்வி. மிஞ்சியது கடன். எங்கள் பிள்ளைகள் அன்று முழுக்கக் கோட்டுக்கு வெளியே நின்று தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு லா சப்பலில் ஒரு கடையின் பின்னறையில் கூட்டம். நானும் இருந்தேன். "இந்த வருசமும் ஆக்களை இறக்குவம், ஊர்ப் பேர் பட்டியலில இல்லாமல் போகக் கூடாது" என்று ஒரு பக்கம். மற்றப் பக்கம் மூன்று தாய்மார். அதில் ஒரு அக்கா கேட்டார்: "அண்ணை, பேர் பட்டியலில நிக்க வேணுமோ, பிள்ளையளின்ரை முதுகில நிக்க வேணுமோ?" கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

கடைசியில், அந்த வருடம் சுற்றுப்போட்டிக்குப் போவதில்லை என்று முடிவாயிற்று. அந்தக் காசில் சின்னச் சப்பாத்தும் பந்தும் வாங்கினார்கள். பதினான்கு பிள்ளைகள், அதில் இரண்டு பெண் பிள்ளைகள். முதல் சிநேகபூர்வ ஆட்டத்தில் 7-0 என்று தோற்றார்கள். ஆனால் பிரெஞ்சுப் பயிற்றுநர் சொல்வதை ஒரு பெடியன் தமிழில் தகப்பன்மாருக்குச் சொல்லிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, இந்தக் கழகம் இன்னும் இருபது வருடத்துக்குச் சாகாது என்று எனக்குத் தோன்றியது. கோபித்துக்கொண்டு விலகிய மூத்த ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கவலையிலும் நியாயம் உண்டு. வாரம் ஆறு நாள் உடம்பு முறிய வேலை செய்கிறவனுக்கு அந்த ஒரு ஆட்டம்தான் மூச்சு. அவர்களை ஒதுக்காமல், ஆளுக்கு ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு நிற்கச் சொன்னால் பலர் திரும்பி வருவார்கள்.

இதே யோசனையில் இருக்கிற கழகங்களுக்குச் சில விசயங்கள். 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சங்கமாகப் பதிந்திருந்தால் நகரசபையிடம் மைதான நேரமும் உதவிப் பணமும் கேட்க விண்ணப்பிக்கலாம். இங்கே புதன்கிழமை பின்னேரம்தான் பிள்ளைகளின் பயிற்சி நேரம். வேலை முறையைப் பார்த்துப் பெற்றோர் மாறி மாறிக் கூட்டிப் போகலாம். ஒன்பது வயதுக்குட்பட்டவர்கள் ஐந்து பேராக விளையாடுவார்கள், பதின்மூன்று வயது வரை எட்டுப் பேராக. ஒன்பது வயதுக்குட்பட்டோருக்குப் புள்ளி அட்டவணையே கிடையாது. சின்னப் பிள்ளைக்குக் கிண்ணம் முக்கியமில்லை என்று பிரான்ஸ் சம்மேளனமே சொல்கிறது. நாங்கள்தான் கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறோம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையை எம்பாப்பே ஆக்கப் போகிறோம் என்று தொடங்காதீர்கள். எம்பாப்பே பொண்டியில் பந்து பழகி, கிளேர்பொன்தேன் பள்ளிக்குத் தெரிவானவர். அங்கே ஒவ்வொரு ஆண்டும் எடுபடுவோர் மிகச் சிலர். அதே சமயம் கான்தேயைப் பாருங்கள். ஆள் கட்டை என்று பெரிய பயிற்சிப் பள்ளிகள் எடுக்கவில்லை. சுரேன் நகரின் சின்னக் கழகம்தான் அவரை வளர்த்தது. 2018இல் அவர் உலகக் கிண்ணம் வென்றார். அப்படி வராத ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கும் அந்தச் சின்னக் கழகங்கள் நண்பர்களைக் கொடுத்தன, நேரத்துக்கு வரப் பழக்கின, தோற்றுவிட்டுக் கை கொடுக்கப் பழக்கின. படிப்பைக் கெடுக்குமே என்று பயப்படுகிறவர்கள் பயிற்றுநரிடம் பள்ளி ரிப்போட்டைக் காட்டுங்கள். நல்ல பயிற்றுநர் அதையும் பார்ப்பார்.

எங்கள் பக்டரியில் பழைய மேற்பார்வையாளர் ஒருவர் ஓய்வுக்குப் போகிறபோது, "நான் இல்லாமல் இந்த மெசின் ஓடினால்தான் நான் வேலை செய்தவன்" என்றார். பயிற்றுநர், தலைவர், செயலாளர் என்று பதவியில் இருக்கிற எல்லாருக்கும் அது பொருந்தும். நல்ல மனிதர் போய்விட்டாரே என்று வருந்துவோம். ஆனால் அவர் போன அடுத்த சனிக்கிழமை மைதானத்தில் யார் நிற்கிறார்கள் என்பதையும் பார்ப்போம்.

வருகிற கோடைச் சுற்றுப்போட்டிக்குக் காசு சேர்க்கும் கழகங்கள், அதில் பாதியையாவது பிள்ளைகளுக்கு ஒதுக்குமா? உங்கள் கழகத்தில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.