முள் ஆடினா போதுமா சாமி?

முதல்லயே சொல்லிடறேன், பழைய கார் பிரியர்கள் யாரும் கோச்சுக்கக் கூடாது. நானும் அதே கட்சிதான். வாரநாள்ல பெங்களூர்ல பொட்டி தட்டிட்டு, சனிக்கிழமையானா தருமபுரிக்கு ஓடி வந்து நண்பர்களோட ஷெட்ல ஸ்பானர் பிடிக்கற ஆளு. ஷெட்ல உருவாகிட்டு இருக்கறது லோட்டஸ் செவன் மாதிரி ஒரு கார். காலின் சாப்மன் 1957ல கொண்டு வந்த வண்டி. பாகம் பாகமா வாங்கி வீட்டுலயே பூட்டிக்கற மாதிரியும் வித்தாங்க. அதனாலதான் உலகம் பூரா அதுக்கு இத்தனை நகல்.

நகல்ல பழைய காலத்து மீட்டர் வேணும்னு எல்லாருக்கும் ஆசை. கறுப்பு முகம், வெள்ளை எழுத்து, குரோம் வளையம். ஆசை தப்பில்ல. "முள் ஆடுதா? போதும்"னு ஒரு கோஷ்டி சொல்லுது பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

பழைய ஸ்மித்ஸ் ஸ்பீடாமீட்டர் முகத்துல பொடி எழுத்துல ஒரு எண் இருக்கும். ஒரு மைலுக்கு கேபிள் எத்தனை சுத்து சுத்தணும்ங்கற கணக்கு அது. மீட்டர்ல 1000னு இருக்கு, உங்க டயருக்கும் ஆக்சிலுக்கும் கேபிள் 800 சுத்துதான் சுத்துதுன்னு வைங்க. வண்டி 60 மைல் வேகத்துல போகும், முள் 48 காட்டும். கிலோமீட்டர்ல சொன்னா 77னு நினைச்சு 96ல போறீங்க!

ஆறு சிலிண்டர் காரோட ஆர்.பி.எம். மீட்டரைக் கழட்டி நாலு சிலிண்டர்ல அப்படியே மாட்டினா, இஞ்சின் 6000ல கதறும்போது 4000னு சாந்தமா சொல்லும். அறுபதுகளோட நடுவுல வந்த பெட்ரோல் மீட்டர்களுக்கு 10 வோல்ட்டுக்குக் குறைச்சுக் குடுக்கற ஸ்டெபிலைசர் வேணும். அது இல்லாம பேட்டரியில நேரா மாட்டினா, டேங்குல இல்லாத பெட்ரோலையும் காட்டும்.

இதெல்லாம் சின்ன விஷயமா? எங்க ஊர்க்காரங்களுக்குத் தொப்பூர் கணவாய் தெரியும். சேலம் பக்கம் இறங்கும்போது பிரேக் பிடிக்காம லாரிங்க மோதற இடம். சேலத்துல இருந்து ஏறும்போது இஞ்சின் கொதிக்கற இடமும் அதான். அங்க வேகத்தையும் சூட்டையும் பொய்யா சொல்ற மீட்டரை நம்பி ஓட்டறவன் தன் உயிரை மட்டுமா பணயம் வைக்கறான்?

"வேகத்தை செல்போன்ல பார்த்துக்கறேன்"னு ஒரு பதில் வரும். சரிங்க, ஆயில் பிரஷர் போன்ல வருமா?

இன்னொரு கோஷ்டி, "பழைய மீட்டரைப் பிரிக்கறது பாவம், ஒரிஜினாலிட்டி போயிடும்"னு கண் கலங்குவாங்க. அண்ணே, காரே நகல்ணே! இதுல மீட்டருக்கு மட்டும் எதுக்கு மடி ஆசாரம்? முகத்தையும் முள்ளையும் அப்படியே வச்சுக்கங்க. உள்ள இருக்கறதைப் பிரிச்சு புது டயருக்கு ஏத்த மாதிரி சரி பண்ணுங்க. முடியலையா, கேபிளுக்கு நடுவுல சின்ன கியர்பெட்டி போடுங்க. சென்சாரும் மீட்டரும் ஜோடியா இருக்கட்டும்.

மீட்டரே இல்லாத வண்டியில பயந்து மெதுவா போவோம். பொய் சொல்ற மீட்டர் இருந்தா தைரியமா போவோம். ரெண்டுல எது ஆபத்துன்னு நீங்களே சொல்லுங்க.

டிஸ்கி: சரிபார்க்க காசு வேணாம். காலி ரோட்டுல முள்ளை 60 கிலோமீட்டர்ல நிறுத்தி ஓட்டுங்க. கைக்கடிகாரத்தைப் பக்கத்துல உக்காந்திருக்கறவர் பார்க்கட்டும். ஒரு கிலோமீட்டர் கல்லுல இருந்து அடுத்த கல்லுக்கு சரியா 60 வினாடி ஆகணும். ஆகலைன்னா திட்டறதுக்குப் பின்னூட்டப் பெட்டி பக்கம் வராம, ஷெட்டுக்குப் போங்க :-)